ஆளைக் கூட்டினால் வேலை முடியுமா? பாம்பன் 46 நாள் கதை பற்றி

கரண்டிமேஸ்திரி:
நேற்று இன்னொரு திரியில் திட்டப்புலி எழுதியது இது: "1964 புயலில் போன பாம்பன் ரயில் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தினார். கெடுவைக் குறைத்து ஆளைக் கூட்டினால் எந்த வேலையும் முடியும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் கட்டட வேலையில் இருப்பவன். இதே கதையைச் சொல்லித்தான் எங்கள் சைட்டில் ஒரு லாரி ஆளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கான்கிரீட் ஊற்ற அடியில் பரப்பும் சென்டரிங் ஷீட் பாதிப் பேருக்குக்கூடக் காணாது. கம்பி வந்து சேரவில்லை. வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கூலி வாங்கிப் போனார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. பொருள் வராமல் ஆளைக் கூப்பிட்டவன் மேல்தான் தப்பு.

பாம்பனில் 126 கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்திரங்களை, கடல் கொண்டுபோனது. வெளியூரிலிருந்து கர்டர் வரவழைத்திருந்தால் மாதக்கணக்கு ஆகியிருக்கும். கடலடியில் கர்டர் கிடப்பதை மீனவர்கள் சொன்னார்கள், அதைத் தூக்கி மாட்டினார்கள். அதனால்தான் 46 நாள்.

திட்டப்புலி:
46 நாள் என்றால் 46 நாள்தான். ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். கெடு இறுகியதும் வேலை இறுகியது. இதில் மறுக்க என்ன இருக்கிறது? கர்டர் தானாக ஏறி வந்து உட்கார்ந்ததா? ஆள்தானே தூக்கியது?

கரண்டிமேஸ்திரி:
தூக்கியது கிரேன். நான் சொல்வதும் அதுதான். கிரேன் இருக்கும் அளவுக்குத்தான் ஆளுக்கு வேலை. இரண்டு கிரேனுக்கு ஆயிரம் பேரை நிறுத்தினால் மீதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

குறியீட்டுக்காரன்:
மென்பொருளிலும் இதே கதைதான். ஐபிஎம் கம்பெனியில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் வேலையை நடத்திய புரூக்ஸ் சொன்னது: ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். 6 பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைப்பு 15. அதை 12 பேராக்கினால் 66. புதிதாக வருபவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே பழைய ஆளின் நேரம் போய்விடும்.

திட்டப்புலி:
ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பாம்பன் புரியாது.

குறியீட்டுக்காரன்:
நீங்கள் பாம்பன் கடலில் இறங்கிக் கர்டர் தூக்கினீர்களா சார்? வேலை ஒதுக்காமல் பென்ச்சில் ஆள் சும்மா இருக்கிறான் என்பதற்காக அவனை எங்கள் டீமில் தள்ளி, வாடிக்கையாளருக்கு பில் போடும் ஆள்தானே நீங்கள்? போன வருஷம் வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிடும் எஸ்டிமேஷன் திரியிலும் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

திட்டப்புலி:
ஓடவில்லை. அந்தத் திரியைப் பூட்டிவிட்டார்கள். பேச்சை மாற்றாதீர்கள். 46 நாள் உண்மையா, பொய்யா?

கரண்டிமேஸ்திரி:
உண்மை. ஸ்ரீதரன் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் அவர் பெயரைச் சொல்லித் தொழிலாளியைப் பிழிவது பொறுக்கவில்லை. அவர் கெடுவை மட்டுமா வைத்தார்? கொங்கண் ரயில்பாதையை ஏழு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் பொறியாளரைப் போட்டு, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அவர்களிடமே கொடுத்தார். உங்களைப் போன்றவர்கள் கெடுவை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள், அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்கிறீர்கள். ஒரு மூட்டை சிமென்ட் வாங்க நான் மூன்று கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

திட்டப்புலி:
அதே கொங்கணில் எத்தனை நாள் மீதி என்று காட்டும் கடிகாரத்தை சைட் சைட்டாக மாட்டியவரும் அவர்தான். அது கெடு இல்லையா?

ரயில்பித்தன்:
குறுக்கே வருகிறேன். 46 நாளில் பாலம் "கட்டினார்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். பாலம் 1914இல் திறந்தது. தூண்கள் இருந்தன, கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்சர் என்ற தூக்குப் பகுதியும் புயலில் தப்பியது. நடந்தது பழுதுபார்ப்பு. பக்கத்தில் புதுப்பாலத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டி, 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள்.

திட்டப்புலி:
பார்த்தீர்களா! அன்று 46 நாள், இன்று ஆறு வருஷம். அழுத்தம் கொடுக்க ஆள் இல்லை.

ரயில்பித்தன்:
நடுவில் கொரோனா வந்தது உங்களுக்கு மறந்துவிட்டதா? 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே ஏற வேண்டும். இதையும் கர்டரை எடுத்து மாட்டுவதையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

கரண்டிமேஸ்திரி:
திட்டப்புலிக்கு ஒரே கேள்வி. கர்டர் கிடைக்காமல் போயிருந்தால் 46 நாளில் முடிந்திருக்குமா? ஆமாம், இல்லை என்று சொல்லுங்கள். கதை வேண்டாம்.

திட்டப்புலி:
நடக்காததைப் பற்றி நான் பேசுவதில்லை. நடந்தது 46 நாள்.

கரண்டிமேஸ்திரி:
சரி, இதற்காவது சொல்லுங்கள். 4.5 மீட்டருக்கு மேல் ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) இருக்கும் சிலாப்புக்கு, அதாவது கான்கிரீட் தளத்துக்கு, அடியில் நிறுத்திய முட்டுகளை எடுக்க, சாதாரண சிமென்ட் என்றால் 14 நாளாவது ஆக வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 சொல்கிறது. நூறு ஆள் கூடுதலாகப் போட்டால் அது ஏழு நாளாகிவிடுமா? அந்த 14 நாளும் முட்டும் ஷீட்டும் அங்கேயே மாட்டிக்கிடக்கும். அடுத்த தளத்துக்கு இன்னொரு செட் வாங்கிக் கொடுங்கள், வேலை ஓடும். அதற்குப் பணம் இல்லை என்பார்கள், ஆளுக்கு மட்டும் பணம் இருக்கும்!

வைகைக்கரை:
எங்கள் பக்கம் எல்லா சிலாப்புக்கும் 21 நாள்தான். 14 நாளில் முட்டுகளை எடுப்பவன் மேஸ்திரியே இல்லை.

கரண்டிமேஸ்திரி:
21 நாள் என்பது 6 மீட்டருக்கு மேல் ஸ்பான் இருக்கும் பீமுக்கு, அதாவது கான்கிரீட் உத்திரத்துக்கு. சிலாப்பையும் பீமையும் குழப்பாதீர்கள்.

வைகைக்கரை:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து 21 நாள். அவர் கட்டிய ஒரு வீடுகூட இன்றுவரை ஒழுகவில்லை. உங்கள் கட்டடம் எப்படி?

திட்டப்புலி:
அவருக்கு 14ஆ 21ஆ என்பதே தகராறு. இவர் வந்து எனக்கு 46ஐப் பற்றி வகுப்பு எடுக்கிறார்.

கரண்டிமேஸ்திரி:
தாத்தா காலத்து சுண்ணாம்பும் இன்றைய சிமென்ட்டும் ஒன்றா? வைகைக்கரை, நீங்கள் முட்டு எடுக்கும் சைட்டுக்கு ஒருநாள் வருகிறேன். ஷீட் வாடகை பில்லையும் எடுத்து வையுங்கள், ஏழு நாள் கூடுதல் வாடகையை யார் தலையில் கட்டுகிறீர்கள் என்று பார்ப்போம்.

வைகைக்கரை:
என் பில்லைக் கேட்க நீங்கள் யார்?