சதுரங்கப் பலகையின் 20 இலக்க எண்

கயல்: பெரியப்பா, கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாகும் சதுரங்கக் கதையின் மொத்த நெல்மணிகள் 18446744073709551615. இதைப் பகாக் காரணிப்படுத்த வேண்டும். கால்குலேட்டர் எல்லா இலக்கங்களையும் காட்ட மறுக்கிறது.

சாந்தி அத்தை: அம்மாடி! இதை எப்படி வாசிப்பது?

செந்தில் அண்ணா: ஏறத்தாழ 1,84,467 கோடி கோடி, அத்தை.

பெரியப்பா: கால்குலேட்டரை எடுத்து வை, கயல். மொத்தம் 2⁶⁴ − 1. இரு வர்க்கங்களின் வித்தியாசம். முற்றொருமை நினைவிருக்கிறதா?

கயல்: (2³² + 1)(2³² − 1)?

பெரியப்பா: ஆமாம் கண்ணே. இரண்டாவது அடைப்பை மறுபடி உடை. மிஞ்சுவதையும் அப்படியே உடைத்துக்கொண்டு போ.

கயல்: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இவ்வளவுதானா!

பெரியப்பா: இவ்வளவுதான்! முதல் ஐந்தும் பகா எண்கள். அவற்றை மட்டும் பெருக்கினால் 4294967295. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையமுடியும் என்று தெரிந்த, ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். 17 பக்கப் பலகோணத்தை வரையமுடியும் என்று 1796இல் கணித மேதை காஸ் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 18.

செந்தில் அண்ணா: 4294967297உம் பகா எண்தானே, பெரியப்பா?

பெரியப்பா: ஃபெர்மா என்ற கணித மேதையும் அப்படித்தான் நம்பினார். 3, 5, 17, 257, 65537 என்று, அதாவது 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 என்று போகும் வரிசை முழுவதும் பகா எண்களே என்பது அவர் எண்ணம். 1732இல் ஆய்லர் என்ற கணித மேதை அதைத் தகர்த்தார். 4294967297இன் எந்தப் பகாக் காரணியை 64ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். அதை நிறுவியவரும் அவரே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கயல், அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாகப் போட்டுப் பார்.

கயல்: 193 இல்லை. 257 இல்லை. 449, 577 இரண்டும் இல்லை. 641... மீதியே இல்லை! ஈவு 6700417!

செந்தில் அண்ணா: ஐந்தாவதிலேயே கிடைத்துவிட்டது! 2, 3, 5 என்று தொடங்கியிருந்தால் 641 என்பது 116ஆவது பகா எண்.

பெரியப்பா: 6700417உம் பகா எண்தான். ஆக மொத்தம் ஏழு காரணிகள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை.

சாந்தி அத்தை: அண்ணா, நான் பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினேன். 87 வருகிறது. 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. ஒரே ஒரு 3 என்பது சரிதான்.

பெரியப்பா: அருமை சாந்தி! இதைவிட நல்ல சரிபார்ப்பு வேண்டாம்.

கயல்: பெரியப்பா, இதே எண்ணோடு 2 கூட்டினால் 2⁶⁴ + 1. அதுவும் ஃபெர்மா வரிசையில் அடுத்ததுதானே?

பெரியப்பா: அதேதான்! லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880இல், தம் 82ஆம் வயதில் அதை உடைத்தார். ஒரு காரணி 274177. மற்றதை நீயே நீள் வகுத்தலில் கண்டுபிடி.

கயல்: தொடங்கிவிட்டேன். ஈவு 67280 வரை வந்திருக்கிறது. இன்னும் 9 இலக்கங்கள்.