கேரேஜ் குடும்பம் குரூப்: 3851 கை மாறின வரிசை

கார்த்தி: சித்தப்பா, ஃபெராரி 250 ஜிடிஓ, சேசிஸ் 3851. பந்தயத்துல அடிபட்டு ஒருத்தர் செத்த வண்டி. அதையா 2014ல 3.81 கோடி டாலருக்கு எடுத்தாங்க? விபத்து வண்டின்னா விலை விழணுமே!

சேகர்: அது நம்ம செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் கணக்குடா. இந்த ரகத்துல, அடிபட்டதுக்கு அப்புறம் சரி பண்ணது யாரு, நடுவுல கணக்குல வராத வருஷம் இருக்கா, அதத்தான் தோண்டுவாங்க. செஞ்சதே 36 தான். 4 லிட்டர் எஞ்சின் போட்ட 3 தனி.

சேகர்: வரிசை இது. 1962 செப்டம்பர்ல ஜோ ஷ்லெஸ்ஸர், பிரெஞ்சு ரேஸ் டிரைவர். அதே மாசம் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்துல ஆன்ரி ஒரேயேங்கிற இன்னொரு டிரைவரோட சேர்ந்து ஓட்டி ரெண்டாம் இடம். அக்டோபர் 7, மோன்லேரி டிராக்ல ஒரேயே ஓட்டினப்ப விபத்து, ஆள் போயிட்டார்.

வசந்தி: ஒரேயே 1948 ஒலிம்பிக்ல பனிச்சறுக்குல ரெண்டு தங்கம் வாங்கினவர்.

சேகர்: ஆமாம்மா. நொறுங்கின வண்டி ஃபெராரிக்கே திரும்பிப் போய் ரெடியாச்சு. அப்புறம் இத்தாலியில பாவ்லோ கொலம்போ, 1963ல மலைப்பாதையில மேல ஏறுற கார் பந்தயங்கள்ல ஓட்டினார். அடுத்து எர்னஸ்டோ ப்ரினோத். 1965ல ஃபாப்ரிட்ஸியோ வியோலாட்டி. 2010ல அவர் சாகுற வரை ஒரே கை, 45 வருஷம்.

வசந்தி: ப்ரினோத் பனிச்சறுக்குத் தடத்தைச் சமன் பண்ற வண்டி செஞ்சவர். அந்த கார் அவர்கிட்ட போய்ச் சேர்ந்திருக்கு பாருங்க.

கார்த்தி: அப்போ அந்த 45 வருஷத்துக்குத்தான் காசா?

சேகர்: பாதி அதுக்குத்தான்னு நான் சொல்வேன். அறுபதுகளோட கடைசியில ஜிடிஓ வெறும் பழைய ரேஸ் வண்டி. எஞ்சின் போச்சுன்னா ஃபெராரி 250 வரிசையில வேற வண்டியோட எஞ்சின் கிடைச்சா அதை மாட்டிடுவாங்க. பல வண்டி கெட்டதே அந்த சமயத்துலதான். இது அப்போ ஒருத்தர்கிட்ட பத்திரமா நின்னுச்சு.

நடராஜன்: ஆனா பாடியே மாத்தின இன்னொரு ஜிடிஓ, சேசிஸ் 3413, இதைவிட அதிகத்துக்குப் போச்சே. 2018ல 4.84 கோடி டாலர்.

சேகர்: மச்சான், அது 1964லயே, வண்டி பந்தயத்துல ஓடிட்டு இருந்தப்பவே, ஃபெராரிக்கு பாடி செஞ்ச ஸ்காலியெட்டி பட்டறையே போட்ட பாடி. அதுவும் வரலாறுதான். இருபது வருஷம் கழிச்சு வேற பட்டறைக்காரன் போட்டிருந்தா பேச்சே வேற.

கார்த்தி: சரி, காகிதம் எப்படிப் பார்க்கிறது?

வசந்தி: இத்தாலி வண்டின்னா பிஆர்ஏங்கிற அந்த நாட்டு வண்டிப் பதிவேட்டுல உரிமையாளர் வரிசை வாங்கணும். அங்க அப்போ நம்பர் பிளேட் மாகாண வாரியா. வேற மாகாணத்துக்காரர் வாங்கினா புது பிளேட். ஒரே ஒரு பிளேட்டை வச்சுத் தேடினா பாதி ஆளுங்க விட்டுப்போவாங்க. பழைய பிளேட், புது பிளேட் ரெண்டையும் சேசிஸ் எண்ணோட கோத்துப் பார்க்கணும். நாடு விட்டுப் போயிருந்தா கஸ்டம்ஸ் காகிதமும். ஃபெராரியோட பழைய வண்டிப் பிரிவு, கிளாசிகே, தர்ற சான்றிதழ் இருந்தா நல்லது. ஆனா அது பாகம் அசலான்னுதான் சொல்லும், உரிமைப் பத்திரம் ஆகாது.

சேகர்: சேசிஸ் எண் போட்டு ரிவெட் அடிச்ச தகட்டை நம்பவே நம்பாத, அதை யாரும் செஞ்சுடலாம். ஃபிரேம் குழாய்ல பஞ்ச் அடிச்ச எண்ணைப் பாரு. சுத்தி வெல்டிங் கோடு இருந்தா, வேற வண்டியில வெட்டி ஒட்டின துண்டா இருக்கலாம். உலோகம் மெலிசா இருந்தா அரைச்சிருக்கான்னு அர்த்தம். பஞ்ச் அடிக்கிறப்ப அடியில இருக்கிற இரும்பும் அமுங்கியிருக்கும். அதனால ஆசிட் வச்சா அரைச்ச பழைய எண் மங்கலா மேல வரும்.

நடராஜன்: எஞ்சின்ல ரெண்டு எண் இருக்கும் கார்த்தி. ஒண்ணு சேசிஸோட ஒத்துப்போறது, இன்னொண்ணு கம்பெனி உள் எண். போலி அடிக்கிறவன் முதல் எண்ணைச் சரியா அடிச்சுட்டு உள் எண்ணுல மாட்டுவான். ஃபேக்டரி பில்ட் ஷீட், அதாவது வண்டி செஞ்சப்ப எழுதின பதிவு, அதை வச்சுச் சரிபார். கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எண்ணும் அதுல இருக்கும்.

கார்த்தி: 3851 ஒற்றைப்படையா இருக்கே, அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா மாமா?

நடராஜன்: உண்டு. அப்போ ஃபெராரியில ஜிடி வண்டிக்கு, அதாவது ரோட்டு கார் வகைக்கு, ஒற்றைப்படை. பந்தயத்துக்குன்னே செஞ்ச ஸ்போர்ட்ஸ் ரேஸ் வண்டிக்கு இரட்டைப்படை. ஜிடிஓன்னு சொல்லி இரட்டைப்படை எண் காட்டினான்னா அங்கயே நிறுத்திடு.

வசந்தி: பழைய பந்தய போட்டோவையும் விடாதீங்க. பாடி எல்லாம் கையால தட்டினது. காத்துத் துளை, பெட்ரோல் மூடி, பின் ஸ்பாய்லர் ஒவ்வொண்ணுலயும் மாறும். ஆரம்ப ஜிடிஓவுல ஸ்பாய்லரை போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. பின்னாடி வந்ததுல பாடியோட சேர்ந்தே இருக்கும்.

கார்த்தி: அத்தை, அந்த 3.81 கோடி முழுசும் வித்தவங்களுக்கா?

வசந்தி: இல்லடா. ஏலத்துல சுத்தியல் விழுந்தது 3.465 கோடிக்கு. அதுக்கு மேல 10 சதவீதம் வாங்கினவர் ஏல கம்பெனிக்குக் கட்டின கமிஷன்.