எலிக்கு வராத மலேரியாவுக்கு எலியில எப்படி ஆன்டிபாடி டெஸ்ட் பண்றாங்க?

லாஸ்பேட்டை_வாலு:
வணக்கம் மக்களே. பாண்டியில எம்எஸ்சி ஜூவாலஜி ரெண்டாவது வருஷம். வர்ற வியாழக்கிழமை ஜர்னல் கிளப், என் தலையில மலேரியா ஆன்டிபாடி விழுந்திருக்கு. சிஐஎஸ்43ன்னு ஒண்ணு, ஸ்போரோசோயிட் (கொசு நம்ம உடம்புல துப்புற நிலையில இருக்கிற மலேரியா கிருமி) தடுப்பூசி போட்டுக்கிட்ட ஒரு வாலன்டியர் ரத்தத்துல இருந்து எடுத்தது, பேப்பர் 2018ல வந்தது. சுண்டெலிக்கு ஆன்டிபாடி ஏத்தினாங்க, அப்புறம் கிருமி ஏத்தினாங்க, காப்பாத்துச்சுன்னு போட்டிருக்கு. அங்கதான் எனக்கு இடிக்குது. மனுஷனுக்கு வர்ற ஃபால்சிபாரம் மலேரியா எலிக்கு வராதுன்னு யூஜியிலயே எழுதி மார்க் வாங்கினவன் நான், அப்போ எலிக்கு வந்தது என்ன?

இன்னொண்ணு, மாலி நாட்டுல மனுஷங்களுக்குப் போட்டுப் பாத்து 88% வந்துச்சுன்னு இருக்கு. எலியில வந்த பர்சென்ட்டையும் இதையும் ஒரே ஸ்லைடுல பக்கத்துல பக்கத்துல பார் சார்ட்டா போட்டேன், கைடு பாத்துட்டு "இதைத் தூக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு பஸ் புடிக்கப் போயிட்டார். ஏன் தூக்கணும்? யாராவது சொல்லுங்களேன்.

கொசுக்கூண்டு:
தம்பி, நான் பதினோரு வருஷமா கொசு வளர்க்கிற வேலையில இருக்கேன், தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஃபால்சிபாரம் எலி ஈரல்ல வளராதுன்னு நீங்க எழுதினது கரெக்ட். அதனால கிருமிக்கு வேஷம் போட்டு விடுவாங்க. பெர்கைன்னு ஒரு எலி மலேரியா இருக்கு, 1948ல காங்கோவுல கடாங்கா பக்கம் காட்டு எலியில இருந்து எடுத்தது. அதோட ஸ்போரோசோயிட் மேல போர்த்தியிருக்கிற புரதம்தான் சிஎஸ்பி. பெர்கையோட சிஎஸ்பி ஜீனை எடுத்துட்டு அந்த இடத்துல ஃபால்சிபாரத்தோடதை வெச்சிடுவாங்க. உள்ள எலிக்கிருமி, மேல மனுஷக்கிருமியோட சட்டை. ஆன்டிபாடி சட்டையைத்தானே பிடிக்குது, அதனால அந்த ஒரு வேலைக்கு இது போதும்.

இப்போ உங்க பர்சென்ட் கதை. எலியிலயே ரெண்டு விதமா அளப்பாங்க. ஒண்ணு, கிருமிக்குள்ள மின்மினிப்பூச்சிக்கு வெளிச்சம் குடுக்கிற லூசிஃபெரேஸ் ஜீனையும் சேத்து வெச்சிருப்பாங்க, கிருமி ஏத்தி 40, 42 மணி நேரம் கழிச்சு லூசிஃபெரின் ஊசி போட்டு, எலியை மயக்கத்துல இருட்டுப் பெட்டிக்குள்ள படுக்க வெச்சு கேமராவுல பாத்தா ஈரல் இருக்கிற இடம் மட்டும் மினுங்கும், ஆன்டிபாடி வேலை செஞ்ச எலியில அது மங்கிப் போயிருக்கும், முதல் தடவை பாத்தப்போ நான் வாயைப் பொளந்துட்டேன். ரெண்டாவது பழைய முறை, நாலாவது நாள்ல இருந்து வால் நுனியில ஒரு சொட்டு ரத்தம், ஜீம்சா ஸ்டெயின், மைக்ராஸ்கோப்.

வெளிச்சம் 90% குறைஞ்சுதுன்னு வைங்க, பேப்பர்ல 90%னு வரும். ஆனா நூறுல பத்து கிருமி ஈரல்ல இன்னும் உக்காந்திருக்கு, ஒவ்வொண்ணுல இருந்தும் ஆயிரக்கணக்குல ரத்தத்துக்குள்ள கொட்டும். அந்த எலிக்கு மலேரியா வந்தே தீரும், ஒருநாள் லேட்டா வரும், அவ்ளோதான். அதே எலியை ஸ்லைடுல பாத்தா பாதுகாப்பு பூஜ்யம். ஒரே எலி, ரெண்டு நம்பர்.

உங்க 88% மூணாவது ரகம். 2022ல வந்த அந்த மாலி ஆய்வுல 330 பெரியவங்க, மூணு குரூப்பு. ஆறு மாசம் ஊர்க்கொசு கடிக்கக் கடிக்க விட்டுட்டு, யார் ரத்தத்துல எப்போ கிருமி தெரியுதுன்னு பாத்தாங்க. பிளாசிபோ (மருந்தில்லாத டிரிப்ஸ்) குரூப்புல 110 பேர்ல 86 பேருக்கு வந்துச்சு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஏத்தின 110 பேர்ல 20 பேருக்கு. எத்தனை பேருக்குங்கிறதோட எப்போ வந்துச்சுங்கிறதையும் சேத்துக் கணக்குப் போட்டதுதான் 88%. எலியில நாங்க சொன்ன நாளுக்கு, நாங்க எண்ணின கிருமியை, ஒரே ஒரு தடவை. ரெண்டையும் ஒரே பார் சார்ட்ல போட்டா உங்க கைடு தூக்கத்தான் சொல்வார்.

அப்போ எலி எதுக்குன்னு கேப்பீங்க. வரிசை போடுறதுக்கு. ஆறு ஆன்டிபாடியை ஒரே டோஸ்ல ஒரே நாள்ல வெச்சு எது முந்துது எது பிந்துதுன்னு பாக்கலாம். கூடவே மலேரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத மனுஷ ஆன்டிபாடி ஒண்ணு கன்ட்ரோலா ஓடணும், அது இல்லாத டேட்டாவை நம்பாதீங்க. எல்9னு அடுத்து வந்தது எலியில சிஐஎஸ்43-ஐ விட வீரியமா தெரிஞ்சு முன்னுக்கு வந்தது இப்படித்தான்.

பிஸ்மில்லா_டீக்கடை:
இதுக்கு எதுக்கு எலியைப் போட்டு வதைக்கணும், நேரா மனுஷனுக்கே போட்டுப் பாக்க வேண்டியதுதானே

கெடிலக்கரை_வெட்:
பாய், அப்படியும் ஒருத்தங்க பாத்திருக்காங்க. 1961ல கேம்பியாவுல, மலேரியா அடிபட்டு அடிபட்டு எதிர்ப்பு வந்த பெரியவங்க ரத்தத்துல இருந்து காமா குளோபுலின் (ஆன்டிபாடி இருக்கிற புரதம்) பிரிச்சு, காய்ச்சலோட வந்த குழந்தைங்களுக்குக் குடுத்தாங்க, ரத்தத்துல கிருமி சரிஞ்சுது. ஆன்டிபாடி மட்டுமே வேலை செய்யும்னு தெரிஞ்சதே அதுலதான். ஆனா அது பல பேர் ரத்தத்துல இயற்கையா ஊறினது. ஒரே செல்லுல இருந்து எடுத்து ஃபேக்டரியில பெருக்கின புது ஐட்டத்தை அப்படி ஏத்த முடியாது, ஏத்தவும் விட மாட்டாங்க. எலிக்குமே சும்மா இல்ல, நம்ம நாட்டுல அனிமல் எதிக்ஸ் கமிட்டி கையெழுத்து இல்லாம ஒரு எலியைத் தொட முடியாது, எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி எப்படிக் குறைப்பீங்கன்னு எல்லாத்துக்கும் பதில் எழுதணும்.

நான் கடலூர்ல மாட்டு டாக்டர், படிக்கிறப்போ கொஞ்ச நாள் அனிமல் ஹவுஸ்ல இருந்தேன். வாலு தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், மாலியில போட்டது சிஐஎஸ்43எல்எஸ், பேருக்குப் பின்னாடி எல்எஸ்னு இருக்கே கவனிச்சீங்களா? ஆன்டிபாடியோட வால் பக்கம் ரெண்டு அமினோ அமிலத்தை மாத்தினது அது. மாத்தினா எஃப்சிஆர்என்ங்கிற ரிசெப்டார் அதை நல்லா பிடிச்சுக்கும், சிதைய விடாம திருப்பி ரத்தத்துக்கே அனுப்பும். சாதா ஐஜிஜி (நம்ம ரத்தத்துல வழக்கமா இருக்கிற ஆன்டிபாடி) பாதியாக மூணு வாரம், சிஐஎஸ்43எல்எஸ் பாதியாக எட்டு வாரம் கிட்ட. இந்தக் கணக்கை சாதா சுண்டெலியில எடுக்க முடியாது, எலியோட எஃப்சிஆர்என் மனுஷ ஐஜிஜியைப் பிடிக்கிற விதமே வேற. மேல, நாளாக ஆக எலி உடம்பே மனுஷ ஆன்டிபாடியை அந்நியம்னு எதிர்த்துக் கிளியர் பண்ணிடும். அதனால எத்தனை நாள் தாங்கும்ங்கிற கேள்விக்குக் குரங்கு, இல்லேன்னா மனுஷ எஃப்சிஆர்என் வெச்ச எலி.

டோஸையும் பாருங்க. கிலோவுக்கு 40ன்னா 60 கிலோ ஆளுக்கு 2400 மில்லிகிராம், அதை டிரிப்ஸ்லதான் ஏத்த முடியும். 20 கிராம் எலிக்கு 0.8 மில்லிகிராம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். எலியில சுலபமா தெரியுறது கிராமத்துல 200 பேருக்கு டிரிப்ஸ் ஸ்டாண்டு நிறுத்தறப்போ தெரியும். அதனாலதான் எல்9எல்எஸ்ஸைத் தோலுக்கடியில ஊசியா குடுத்தாங்க, 2024ல வந்த மாலி ஆய்வுல 6 முதல் 10 வயசு 225 குழந்தைங்க, 300 மில்லிகிராம் வாங்கினவங்களுக்குக் காய்ச்சலோட வர்ற மலேரியாவுக்கு எதிரா 77%.

ஓடி_ரிட்டயர்டு:
தம்பிங்களா, நான் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், கடலூர் ஓ.டி. வீடு வீடாப் போய் விரல்ல குத்தி ஸ்லைடு எடுத்திருக்கேன், சின்டெக்ஸ் டேங்க் மூடியைத் திறந்து புழு பாத்திருக்கேன், திட்டும் வாங்கியிருக்கேன். என் கையில வந்த பாசிட்டிவ்ல முக்காவாசி வைவாக்ஸ்ங்கிற இன்னொரு ரக மலேரியா. குளோரோகுயின் குடுத்துட்டு பிரைமாகுயின் 14 நாள் குடுப்போம், மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையைப் பரண்ல போட்டுடுவாங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதே ஆள் நடுங்கிக்கிட்டு வருவார். நீங்க பேசுற ஊசி இவருக்கு ஆகுமா ஆகாதா, அதைச் சொல்லுங்க.

கொசுக்கூண்டு:
ஆகாதுங்க ஐயா. வைவாக்ஸோட சிஎஸ்பி சட்டையில தையலே வேற, ஃபால்சிபாரம் ஆன்டிபாடி அதுல ஒட்டாது. வைவாக்ஸ் சட்டை போட்ட பெர்கையும் பண்ணி வெச்சிருக்காங்க, ஆனா நீங்க சொன்ன ஆளுக்கு ஈரல்ல கிருமி தூங்கிக்கிட்டு இருந்து அப்புறம் முழிக்குதே, அந்தத் தூக்கம் பெர்கையில கிடையாது. அதுக்குக் குரங்குக்கு வர்ற சைனோமோல்ஜி வேணும். ஸ்போரோசோயிட் ஈரலுக்குள்ள பூந்துட்ட பிறகு சிஎஸ்பி ஆன்டிபாடியால ஒண்ணும் ஆகாது, அதனால பரண்ல இருக்கிற பிரைமாகுயினைத்தான் இறக்கணும்.

லாஸ்பேட்டை_வாலு:
அக்கா, டாக்டர் சார், ஐயா எல்லாருக்கும் நன்றி. சார்ட்டைத் தூக்கிட்டேன், "மூணு பர்சென்ட், மூணு அர்த்தம்"னு புது ஸ்லைடு போட்டாச்சு. கடைசியா ஒண்ணு அக்கா, சில படத்துல எலிக்கு ரத்தக்குழாய்ல ஏத்துறாங்க, சிலதுல கொசுவைக் கடிக்க விடுறாங்க, ஏன் ரெண்டு விதம்? எல்லாத்துக்கும் ஊசியே ஈஸி இல்லையா?

கொசுக்கூண்டு:
ஈஸிதான், எண்ணி ஏத்தலாம். ஆனா நிஜத்துல கொசு தோல்லதான் துப்புது, ஸ்போரோசோயிட் அங்க இருந்து நெளிஞ்சு ஊர்ந்து ரத்தக்குழாயைத் தேடணும், அந்த ஊர்ற நேரத்துல ஆன்டிபாடி பிடிச்சா அங்கேயே நின்னுடும். ஊசியில நேரா ரத்தத்துக்குப் போனா அந்தச் சண்டையே நடக்காது, நல்ல ஆன்டிபாடிகூட சுமாராத் தெரியலாம். அதனால முதல்ல ஊசி, தேறினதுக்குக் கொசுக்கடி.

கொசுக்கடியோட கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். பெர்கை கொசுவுக்குள்ள வளரணும்னா ரூம் 20, 21 டிகிரியில இருக்கணும், ஃபால்சிபாரத்துக்கு வெக்கிற 26, 27ல வெச்சா தேறாது. நான் முன்னாடி இருந்த ஒரு லேப்ல மே மாசம் சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்ததுல ஏசி ட்ரிப் ஆயிடுச்சு, ஞாயித்துக்கிழமை யாரும் பாக்கல, திங்கக்கிழமை கதவைத் திறந்தா வெளிய இருக்கிற அதே புழுக்கம். கொசு உயிரோடதான் இருந்துச்சு, சரி பரவால்லன்னு 21வது நாள் வரைக்கும் சர்க்கரைத் தண்ணி குடுத்து வளர்த்தேன். அன்னைக்கு உக்காந்து ஒவ்வொண்ணா ஊசிமுனையில மார்பை அழுத்திப் பிடிச்சு தலையை மெல்ல இழுத்தா சலைவரி கிளாண்ட் (எச்சில் சுரப்பி) கூடவே வரும், நசுக்கிப் பாத்தா அருகம்புல் நுனி மாதிரி ஸ்போரோசோயிட் நூத்துக்கணக்குல நெளியணும். நாப்பது கொசு, ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல. எலிங்க அன்னைக்குக் காலையிலேயே ஆன்டிபாடி வாங்கிட்டு ரெடியா இருந்துச்சு.