முற்றத்துக்கு ஃபயர் பிட்: விறகா, கேஸா?

பின்பக்கம் திறந்த முற்றம், ஓடு பதித்த தரை. மாலையில் நாலைந்து பேர் சுற்றி உட்கார ஒரு ஃபயர் பிட், அதாவது நெருப்பு மூட்டும் தொட்டி, வாங்கலாம் என்று யோசனை. எனக்கு விறகுதான் பிடிக்கும், அந்தப் படபட சத்தம் கேஸில் வராது, ஆனால் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போனால் வம்பு. இரட்டைச் சுவர் தொட்டியில் சூடான காற்று மேல்விளிம்பில் வந்து புகையையும் எரித்துவிடுமாமே, ஈர விறகு போட்டாலுமா? கேஸ் என்றால் நினைத்தவுடன் அணைக்கலாம், சரி, ஆனால் அதில் எரியும் புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேயே தேங்கும், அதற்கு அடியில் காற்றுத்துளை எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்? சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்க இடம் இருக்கிறது. அப்புறம், ஓட்டின் மேல் நேரடியாக வைத்தால் விரிசல் விடுமா, இல்லை அடியில் சூடு தாங்கும் செங்கல் பரப்ப வேண்டுமா? வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.