உதவி எட்டாத குடியிருப்புக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

புதுவரவு:
நாங்கள் ஆறு பேர். வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது ஒதுக்க முடியும், மாதாமாதம் கொஞ்சம் பணமும் போட முடியும். பக்கத்தில் ஏறத்தாழ 400 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருக்கிறது. பேருந்து உள்ளே வராது, தண்ணீர் குறித்த நேரத்துக்குத்தான் வரும், மருத்துவமனை தொலைவு. அங்கே ஏற்கெனவே யார் உதவி செய்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொடுப்பது பணமா, பொருளா? ஓர் அமைப்பை நம்பலாமா என்று எதை வைத்து முடிவு செய்வது? புதிதாக நாங்களே ஒன்று தொடங்கிவிட்டால் சுலபமோ என்றும் ஒரு யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி:
புது அமைப்பு யோசனையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். 400 வீடு இருக்கும் இடத்தில் ஒருவருக்கொருவர் உதவாமல் இத்தனை நாள் வண்டி ஓடியிருக்காது. பெயர்ப்பலகை இல்லாததால் இணையத்தில் அகப்படவில்லை, அவ்வளவுதான். அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பவர், மனு எழுதித் தருபவர், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், நடுராத்திரியில் கூப்பிட்டால் வண்டி எடுப்பவர் என்று சிலர் கட்டாயம் இருப்பார்கள். முதலில் அவர்கள்தான் தேவை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993இல் வகுத்துச் சொன்னதும் இதைத்தான்: ஓர் இடத்தில் என்ன இல்லை என்று கணக்கெடுப்பதற்கு முன்னால், என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்.

ஒரு காலை, ஆட்கள் வேலையிலிருந்து திரும்பும் ஒரு மாலை, ஒரு விடுமுறை நாள் என மூன்று வேளை போய் வாருங்கள். ஒரே நேரத்தில் போனால் ஒரே வகை ஆட்கள்தான் கண்ணில் படுவார்கள். இருபது வீடு போதும். ஆனால் இருபதும் முன்வரிசை வீடுகளாக இருந்தால் பயனில்லை. கடைக்கோடி வீடு, வாடகைக்கு இருப்பவர், அண்மையில் குடிவந்தவர், வேறு மொழி பேசுபவர் எல்லாரும் அதில் வரவேண்டும். கேள்வி மூன்றுதான்: போன மாதம் எந்தக் காரியம் பாதியில் நின்றுபோனது? அதற்கு முதலில் யாரிடம் போனீர்கள்? அப்புறம் என்ன ஆனது?

‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் கையில் என்ன இருக்கும் என்று ஊகித்து அதையே பதிலாகச் சொல்வார்கள். அது பொய்யல்ல, வந்தவருக்குக் காட்டும் மரியாதை. இருபது வீட்டில் ஒரே பெயர் மூன்று நான்கு முறை வந்தால், நீங்கள் தேடியவர் அவர்தான்.

அடுத்து, சுற்றுவட்டத்தில் உள்ள அமைப்புகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நீங்களே போன் போட்டுப் பேசி ஐந்து விவரம் குறியுங்கள்: திறக்கும் நாளும் நேரமும், யாருக்குக் கொடுக்கிறார்கள், என்ன ஆவணம் கேட்கிறார்கள், நேரில்தான் வரவேண்டுமா, நீங்கள் சரிபார்த்த தேதி. அந்தக் கடைசி விவரத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் திரும்ப விசாரியுங்கள்.

இதைச் செய்யும்போதே ஒன்று புரியும். பல இடங்களில் உதவி இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. பகலில் மட்டும் திறக்கும் அலுவலகம், வாடகைக்காரரிடம் இல்லாத முகவரிச் சான்று, இணையத்தில் மட்டுமே போடக்கூடிய விண்ணப்பம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். உங்கள் இரண்டு மாலைகளை அங்கே செலவிடுங்கள்: படிவம் நிரப்புவது, நகல் எடுத்துத் தருவது, மறுநாள் கூடப் போவது. கவர்ச்சியில்லாத வேலை. அதனால்தான் ஆள் கிடைப்பதில்லை.

வரவுசெலவு:
பணமா பொருளா என்ற கேள்விக்கு என் பதில் பணம். அதிலும் மாதாமாதம் ஒரே தொகை. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும் பணத்தை வைத்து வாடகைக்கோ சம்பளத்துக்கோ யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மாதாமாதம் வருவது சிறிய தொகையானாலும் அதை நம்பித் திட்டம் போடலாம். ‘இந்தப் பணம் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது’ என்ற நிபந்தனையும் வேண்டாம். போன் கட்டணமும் சாவி வைத்திருப்பவரின் சம்பளமும் நிர்வாகச் செலவுதான். அவை இல்லாமல் கதவு திறக்காது.

பொருள்தான் தருவோம் என்றால் கேட்டதை, கேட்ட அளவில், புதிதாக வாங்கிக் கொடுங்கள். பழைய துணி மூட்டை வந்தால் அதைப் பிரிக்க, அளவு பார்க்க, கிழிந்ததைக் கழிக்க நாலு பேர் ஒரு நாள் உட்காரவேண்டும். கழிவை அப்புறப்படுத்தும் செலவும் அவர்கள் தலையில்தான் விழும். வீடுகளில் மிஞ்சிய மருந்தைத் திரட்டவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட மருந்து நன்கொடை நெறிகள் நாடுவிட்டு நாடு போகும் மருந்துக்காக எழுதப்பட்டவை. ஆனால் காரணம் எந்த ஊருக்கும் ஒன்றுதான். நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்து கூடாது, போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில் வைத்திருந்தார்கள் என்று தெரியாத மாத்திரைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

நம்பகத்தைப் பார்க்க நான் வைக்கும் கேள்விகள்: வங்கிக் கணக்கில் பணம் எடுக்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டும்? (ஒருவர் போதுமென்றால் யோசியுங்கள்.) கடந்த 12 மாத வரவுசெலவை ஒரே பக்கத்தில் தர முடியுமா? யாரை, ஏன் திருப்பி அனுப்பினீர்கள்? புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் பணத்தைக் கையாளாத ஆளா? திருப்பி அனுப்பியதே இல்லை என்கிற இடத்தில் ஒன்று கணக்கு எழுதுவதில்லை, அல்லது கேட்டு வருகிறவர்கள் குறைவு. பதிவு செய்யாத சிறு குழு என்பதால் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி, கேட்டவருக்கெல்லாம் காட்டும் குழு, அச்சடித்த அறிக்கை வைத்திருந்தும் காட்டத் தயங்குகிற அமைப்பைவிட மேல்.

புதுவரவு:
நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். ஊரே கைகாட்டும் அந்த ஆள் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன செய்வது? எங்களில் இருவர் பொருள் விநியோகம் ஒன்றாவது நடத்தியே தீருவோம் என்கிறார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்வது எப்படி?

மூன்றாம்வரிசை:
ஒரே ஆளிடம் பட்டியலை விட்டால் அவர் நல்லவரானாலும் சிக்கல்தான். சுற்றியிருப்பவர்களின் நெருக்கடி அவரை வளைக்கும். மூன்று பேரிடம் தனித்தனியாகப் பெயர் வாங்கி ஒப்பிடுங்கள். மூன்றிலும் இல்லாத தெரு எது என்று பாருங்கள். அங்கே நீங்களே போங்கள். யாருக்கு முன்னுரிமை என்பதை, ‘தனியாக வாழும் முதியவர்’, ‘ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடு’ என்பதுபோல் பார்த்ததும் புரிகிற சொற்களில் எழுதி முன்கூட்டியே ஒட்டுங்கள். ‘மிகவும் ஏழை’ என்று எழுதினால் சண்டை உறுதி. தகுதியுள்ளவர்கள் அதிகம், பொருள் குறைவு என்றால் எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்குங்கள். தோற்றவரும் ஏற்றுக்கொள்ளும் முறை அது ஒன்றுதான்.

விநியோகக் கணக்கு: ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மேசையில் மணிக்கு 30 பேர். 120 பேருக்கு இரண்டு மேசை, இரண்டு மணி நேரம். டோக்கனில் எண் மட்டும் போட்டால் எல்லாரும் முதல் மணிக்கே வந்து நிற்பார்கள். அரைமணிக்கு 30 டோக்கன் வீதம் நேரத்தையும் அச்சிடுங்கள். பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். பட்டியலில் விடுபட்டவர் நிச்சயம் வருவார், வெறுங்கையோடு அனுப்பினால் அந்தப் பேச்சுதான் ஊர் முழுக்கப் பரவும். மூன்று தொண்டர் வேண்டுமானால் நால்வரை வரச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். ‘நாளைக்கு’ என்றால் அது நடக்காது.

சமைத்த உணவு என்றால் விதி கறாரானது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது: பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், குளிரவைத்தால் 5 டிகிரிக்குக் கீழே, சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இந்தக் கடிகாரம் பாத்திரத்தைத் திறந்து பரிமாறும்போது தொடங்குவதல்ல, சூடு 60க்குக் கீழே இறங்கிய கணத்தில் தொடங்குவது. தவறு நடப்பதே இங்கேதான். பெரிய பாத்திரத்தின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள், ஓரத்தில் தொட்டுப் பார்த்தால் தெரியாது.

வாங்குகிறவர் முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். முடிவான பெயர்ப்பட்டியல் உங்களில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பிறகு நீக்கினாலும் அதற்குள் எடுத்த நகலைத் திரும்பப் பெற வழியில்லை. எந்தத் தேதியில் அழிப்பது என்று தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் 1994இல் ஏற்ற நடத்தைக் கோவையில், உதவியை எந்த அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்றிருக்கிறது. பொட்டலத்தில் யார் படமும் வேண்டாம். உங்கள் ஆறு பேர் படமும்தான்.

குழாயடி:
தண்ணீரைக் கேள்வியிலேயே குறிப்பிட்டிருக்கிறீர்கள், யாரும் தொடவில்லை. பேரிடர் முகாம்களுக்காக நிவாரண அமைப்புகள் வகுத்த ஸ்பியர் நெறிகளில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர் என்று இருக்கிறது. அந்த 250, குழாயில் நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 3,750 லிட்டர் பிடிக்க 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தண்ணீர் இரண்டு மணி நேரம்தான் வருகிறதென்றால் அதே குழாய் 900 லிட்டர்தான் தரும், 60 பேருக்குத்தான் போதும்.

ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். 15 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி, ஒரு நாளில் எத்தனை நிமிடம் வருகிறது, எத்தனை வீடு அந்தக் குழாயை நம்பியிருக்கிறது என்று 14 நாள் தேதிவாரியாகக் குறியுங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 7.5 லிட்டர், சரி. நாலு நிமிடமானால் பாதிதான் வருகிறது. முகாமுக்கான குறைந்தபட்ச அளவுகூடச் சாதாரண நாளில் கிடைக்கவில்லை என்றால், அது நன்கொடையால் தீர்க்க வேண்டிய விஷயமே அல்ல. வண்டியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த மாதம், ‘அங்கேதான் யாரோ பார்த்துக்கொள்கிறார்களே’ என்று உள்ளாட்சி அதிகாரிகள் விவகாரத்தையே மூடிவிடுவார்கள். 14 நாள் குறிப்பை இணைத்து, அங்கே குடியிருப்பவர்களின் கையெழுத்தோடு உள்ளாட்சியிடம் மனுக் கொடுங்கள். மனுவில் உங்கள் ஆறு பேர் கையெழுத்து வேண்டாம், வெளியாள் தூண்டிவிட்டது என்று தள்ளிவிட அது வசதியாகப் போகும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வரவுசெலவு:
குழாயடி சொன்னதோடு ஒன்று. அந்த 14 நாள் குறிப்பின் நகல் ஒன்று குடியிருப்புக்குள்ளேயே, நடைவண்டி சொன்ன அந்த ஆளிடம் இருக்கட்டும். நீங்கள் ஆறு பேரும் ஆறு மாதத்தில் வேலை மாறி வேறு ஊருக்குப் போகலாம், மனுவுக்குப் பதில் அதற்கப்புறம்கூட வரலாம்.