துணி மடிப்புச் சொற்பட்டியல்: ‘பிடிமானம்’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மனித உருவத்தின் மேல் ஆடை வரையக் கற்பவர்களுக்கான சொற்பட்டியல் பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மடலாடல் முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துக்கொள்கிறேன்.

> துணி எங்கிருந்து இழுபடுகிறதோ அந்த இடத்துக்கு ‘இழுவிசைப் புள்ளி’ என்றே வைக்கலாம். இயற்பியல் பாடத்தில் பழகிய சொல், குழப்பம் வராது.

ஐயா, பொருளில் பிழையில்லை. ஆனால் இது பாடத்தின்போது நூறு தடவை வாயில் வரவேண்டிய சொல். மாணவரின் தாளைப் பார்த்ததும் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வியே, இந்தத் துணி உடம்பில் எங்கே தொற்றிக்கொண்டு நிற்கிறது என்பதுதான். தோளிலா, மார்பிலா, இடுப்புப் பட்டையிலா, முழங்காலிலா? அது தெரியாமல் போட்ட மடிப்பு, சட்டையின் மேல் கிறுக்கிய கோடாகத்தான் தெரியும். அவ்வளவு அவசரமான கேள்விக்குள் ‘இழுவிசைப் புள்ளி’ நுழையாது.

அது எப்போதும் புள்ளியாகவும் இருப்பதில்லை. பித்தானும் முழங்கை எலும்பும் புள்ளிகள்தாம். தோள் நீளமான முகடு. இடுப்புப் பட்டை உடலைச் சுற்றிவரும் கோடு. உட்கார்ந்திருப்பவரின் தொடை அகன்ற பரப்பு, துணி அங்கே இழுபடாமல் சும்மா தங்கியிருக்கிறது. இன்னொருவர் சொன்ன ‘தாங்குபுள்ளி’ தோளுக்கும் தொடைக்கும் பொருந்தும், பித்தானுக்குப் பொருந்தாது. பித்தான் துணியைத் தாங்குவதில்லை, விடாமல் பிடிக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘பிடிமானம்’. மரத்தில் ஏறுகிறவருக்குப் பிடிமானம் வேண்டும் என்கிறோம், பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது என்கிறோம். புள்ளி, கோடு, பரப்பு மூன்றையும் அது ஏற்கும். தாங்குவதும் இழுத்துப் பிடிப்பதும் அதற்குள் அடங்கும். ‘இந்த மடிப்புக்குப் பிடிமானம் எங்கே?’ என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஏற்கெனவே புழங்கும் சொல்லைக் கலைச்சொல் என்று எப்படிச் சொல்வது என ஒருவர் தயங்கியிருந்தார். புழங்கும் சொல்லுக்கு ஒரு துறைக்குள் குறுகிய பொருள் கொடுப்பதும் சொல்லாக்கம்தான். பல சமயம் அதுதான் நிலைக்கிறது.

இந்தச் சொல்லை நான் வற்புறுத்துவதற்கு வலுவான காரணம் வேறு. பிடிமானம் என்று வைத்துக்கொண்டால், மடிப்பு வகைகள் எல்லாம் அதிலிருந்தே விளக்கம் பெற்றுவிடும். ஒரே பிடிமானத்திலிருந்து துணி தன் எடையால் கீழே விழுந்தால் தொங்கல். இரண்டு பிடிமானங்கள் விலகினால் அவற்றுக்கு நடுவே விறைத்த கோடு ஓடும், அது இழுப்பு. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் நடுவில் இருக்கும் மிச்சத் துணிக்குப் போக இடமில்லை, அது நெரியும். சம உயரத்தில் இரண்டு பிடிமானங்கள் இருந்து நடுத்துணி தளர்வாக இருந்தால் தொய்வு. கற்பவர் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

முழங்கையை மடக்கிப் பாருங்கள், கொஞ்சம் தளர்வான முழுக்கைச் சட்டையோடு. வெளிப்பக்கத்தில் முழங்கை எலும்பு துணியை முட்டித் தள்ளுகிறது. அங்கே துணி வழவழவென்று ஒட்டி நிற்கும், மடிப்பே இராது. உள்பக்கத்தில் மேல்கையும் கீழ்கையும் நெருங்கிவிட்டன. நடுவில் அகப்பட்ட துணி பிதுங்கி, ஒரு மடிப்பு இன்னொன்றின் அடியில் செருகிக்கொள்கிறது. அந்த இடுக்கிலிருந்து கோடுகள் விசிறியாகக் கிளம்பி, எலும்பை நோக்கிப் போகப் போக மங்கி மறைகின்றன. மணிக்கட்டையும் பாருங்கள். வெளிப்பக்கத்தில் துணி கடக்க வேண்டிய தூரம் கூடிவிட்டதால் கைப்பட்டி சற்று மேலேறியிருக்கும். இதைக் கவனிக்காமல், நீட்டிய கையின் சட்டையை அப்படியே மடக்கிய கையின் மேல் போடுவதால்தான் பல படங்களில் கை ரப்பர் குழாய் மாதிரி இருக்கிறது.

இந்த இடத்து மடிப்புக்கு ‘அரைப்பூட்டு மடிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உருவ ஓவியம் கற்பித்த ஜார்ஜ் பிரிட்ஜ்மன் (1943-இல் மறைந்தவர்) மடிப்புகளை ஏழாகப் பிரித்தார், ஓவிய வகுப்புகளில் இன்றும் அந்தப் பிரிவே புழங்குகிறது. அவர் வைத்த பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அரைப்பூட்டுதான் வரும். தமிழில் அது எதையும் காட்டவில்லை. கையை மடக்கு, காலை மடக்கு, மடக்குக் கத்தி என்கிறோமே, அதிலிருந்து ‘மடக்கு மடிப்பு’ என்று வைப்போம். முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம், உட்கார்ந்தவரின் தொடையும் வயிறும் சேரும் இடம், மூன்றுக்கும் செல்லும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோளிலிருந்தோ இடுப்பிலிருந்தோ நேராகத் தொங்குவதற்குக் ‘குழல் மடிப்பு’ போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிடிமானம் ஒரே புள்ளியானால் குழல் மேலே குறுகிக் கீழே விரியும், கோடானால் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இறங்கும். காற்சட்டையின் அடிப்பகுதி காலணிமேல் முட்டி, இடமும் வலமுமாக மாறி மாறி உடைந்து நிற்பது ‘நெளிமடிப்பு’, நெளிமோதிரம் என்ற வழக்கு அதற்குத் துணை. கை திரும்பும்போது சட்டைக்கையைச் சுற்றி ஏறுவது ‘சுற்று மடிப்பு’. காற்றிலோ ஓட்டத்திலோ பறப்பது ‘வீச்சு மடிப்பு’.

> இரண்டு இடத்தில் பிடித்து நடுவில் தொய்வதற்கு ‘அணையாடை மடிப்பு’ என்பது பிரிட்ஜ்மன் வைத்த பெயருக்கு நேர்ச்சொல். ‘தூளி மடிப்பு’ என்றும் சொல்லலாமே?

தூளி எனக்கும் பிடித்திருக்கிறது. இரு தலைப்பும் மேலே, நடுத்துணி கீழே வளைந்து நிற்கும் வடிவம் கண்ணுக்குள் உடனே வந்துவிடுகிறது. ஆனாலும் தூளியில் குழந்தையின் எடை துணியை இறுக்கி இழுக்கிறது. நாம் சொல்லும் மடிப்பிலோ துணி தன் எடையால் மட்டுமே தளர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிறைகளாக விழுகிறது. கழுத்தடியில் தளர்வாகத் தொங்கும் துணியில் இதைப் பார்க்கலாம். ஆகவே ‘தொய்வு மடிப்பு’ என்பதே என் தேர்வு. தூளியை விளக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

தரையில் போட்ட துணியின் மடிப்புக்குக் ‘கிடப்பு மடிப்பு’. அதற்குப் பயிற்சியில் தனி இடம் உண்டு, ஏனென்றால் அது அசையாது. ஆள்மேல் இருக்கும் துணி மூச்சுவிட்டாலும் மாறிவிடும். லியொனார்டோ டா வின்சி இளமையில் துணியைச் சாந்தில் நனைத்து மண் பொம்மைகள்மேல் போர்த்தி, அது இறுகியபின் மெல்லிய லினன் துணியில் தூரிகையால் வரைந்து பழகினார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார். அந்தப் படங்களில் முகமோ கையோ பெரும்பாலும் இராது. ஆனாலும் முழங்கால் எங்கே இருக்கிறது என்று துணியை வைத்தே சொல்லிவிடலாம்.

அடுத்தது, அம்மா எழுப்பிய ஐயம்.

> ‘மடிப்பு’ என்றால் நாமாக மடிப்பது. மடிப்புக் கலையாத சட்டை என்கிறோம். தானாக விழுவதைச் ‘சுருக்கம்’ என்பதுதானே சரி?

தையல் தெரிந்தவர் கேட்கும்போது யோசிக்கத்தான் வேண்டும், அம்மா. வழக்கில் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் பள்ளிப் புவியியலில் ‘மடிப்பு மலைகள்’ என்று படிக்கிறோம். அதை யாரும் உட்கார்ந்து மடிக்கவில்லை, பாறை அடுக்குகள் நெருக்குண்டு மடிந்தவை. தானாக நிகழ்வதற்கும் அந்தச் சொல் போய்விட்டது. ‘சுருக்கம்’ என்று வைத்தால் துவைத்துச் சுருங்கிய துணியோடு குழம்பும். தையலில் சுருக்கு வைப்பது என்பதும் வேறு வேலை. ஆகவே பொதுச்சொல்லாக மடிப்பு இருக்கட்டும். ஆள் வேண்டுமென்று அடுக்கிக் கொய்வதற்குக் ‘கொசுவம்’ இருக்கிறது, ‘கொய்சகம்’ என்று பழைய வடிவமும் இருக்கிறது. கண்டபடி நசுங்கியதற்குக் ‘கசங்கல்’. இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. வரைகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்: கொசுவம் சீரான இடைவெளியில் வரும், மடிப்பு ஒருபோதும் சீராக வராது. மடிப்புகளைச் சீப்புப் பல்போல் வரிசையாகப் போடுவதுதான் தொடக்கத்தில் எல்லாரிடமும் காணும் குறை.

ஒரு மடிப்பின் பாகங்களுக்கு ‘முகடு’, ‘சரிவு’, ‘இடுக்கு’ என்ற மூன்றையும் யாரும் மறுக்கவில்லை, அப்படியே ஏற்கலாம். ஒளி முகட்டில், நடுத்தொனி சரிவில், அடர்ந்த இருள் இடுக்கில் என்று பாடமும் அதிலேயே அமைந்துவிடுகிறது.

பட்டியலில் விடுபட்ட ஒன்று ‘விளிம்பு’. சட்டையின் கழுத்து, கைப்பட்டி, கீழ்விளிம்பு ஆகியவை உடலைச் சுற்றிவரும் நீள்வட்டங்கள். அவை சரியாக வளைந்தாலே உடம்பின் திரட்சி வந்துவிடும். 5-ஆம் நூற்றாண்டில் சாரநாத்தில் செதுக்கிய புத்தர் உருவங்களில் ஆடைக்கு மடிப்பே கிடையாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் காலடியிலும் விளிம்பு மட்டும் தெரியும், அதை வைத்தே துணி போர்த்தியிருப்பது நமக்குத் தெரிகிறது. அதற்கு முந்திய காந்தாரச் சிற்பங்களில் அதே ஆடை கனத்த மடிப்புகளோடு விழுகிறது. எத்தனை மடிப்பு போடுவது என்று தவிக்கிற மாணவருக்கு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மடிப்பைக் குறைப்பதில் அச்சமே வேண்டாம்.

துணியின் குணத்துக்கும் சொல் வேண்டும். ‘நல்லா விழும் துணி’ என்று பேசுகிறோம், அதிலிருந்து ‘விழுகை’. அதற்கு எதிர்க்குணம் ‘மொடமொடப்பு’. எழுத்துநடைக்கு ஒவ்வாது என்று சிலர் தயங்கலாம், எனக்குத் தயக்கமில்லை. மொடமொடப்பான துணியின் மடிப்பு கோணங்களாக உடையும், விழுகை உள்ள துணியில் வளைந்து ஓடும் என்று சொன்னால், அந்த ஒலியே பாதி பாடம். பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்குவாட்டு நூல்) என்ற நெசவுச் சொற்களையும் சேர்க்க வேண்டும். பாவு நூல் வழியிலும் ஊடை நூல் வழியிலும் துணி அதிகம் நீளாது, இரண்டுக்கும் குறுக்கே மூலைவாட்டில் இழுத்தால்தான் நீளும். மூலைவாட்டில் வெட்டிய ஆடை உடம்போடு ஒட்டி விழுவது அதனால்தான். ‘மூலைவாட்டு’ என்றே பட்டியலில் போடலாமா என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

எனக்கு விடை கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. பல நாள் போட்ட தடித்த காற்சட்டையைக் கழற்றி மாட்டினாலும் முழங்காலில் அதே புடைப்பும் பின்பக்கத்தில் அதே வரிகளும் அழியாமல் நிற்கும். தோல் மேலங்கியின் முழங்கையிலும் அப்படியே. இப்போது அதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை, முன்பு இருந்த பிடிமானத்தின் அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘மடித்தடம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். ‘மடித்தழும்பு’ என்றும் தோன்றுகிறது. தடம் துணிக்குப் பொருந்துகிறது, தழும்பு தோலுக்குப் பொருந்துகிறது, இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்