மறு: மறு: 'டிஸ்க் ராட்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

தக்கலை, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கொடைவிழா வில்லுப்பாட்டு, தர்காவில் பாடும் ஞானப்புகழ்ச்சி, சபைப் பாடல்கள் என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த சி.டி.யும் டிவிடியும் எங்கள் நூலகத்தில் பீரோ நிறைய இருக்கின்றன. பாடிய புலவர்களில் பலர் இன்று இல்லை. இந்த வட்டுகளை எப்படிக் கையாள வேண்டும் என்று வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கும், வீட்டில் இப்படி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சிறு கையேடு போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டும் பிடியுங்கள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகச் சுற்றித் துடைக்காதீர்கள், பெட்டியில் போட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். இதற்கெல்லாம் தமிழ் தானாக வந்தது. ஓரிடத்தில் நிற்கிறேன். கீறல் எதுவும் இல்லாமலே உள்ளே இருக்கும் உலோகப் படலம் கெட்டுப் பதிவு அழிந்துபோகிறதே, 'டிஸ்க் ராட்' என்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? 'வட்டு அழுகல்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

டீச்சருக்கு மனம் ஒப்பாதது சரிதான். அழுகுவது பழம், கீரை, மீன். அலுமினியம் அழுகாது. ஆங்கிலக்காரன் மரத்துக்குச் சொன்னதை வட்டுக்கும் சொல்லிவிட்டான், நாமும் பின்னால் போக வேண்டியதில்லை.

உலோகம் கெடுவதற்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: களிம்பு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு, ஆணவமும் உயிரும் அப்படி என்பார்கள். வட்டிலும் கெடுதி உலோகத்துக்குள்ளேயே நடக்கிறது. 'வட்டுக்களிம்பு' என்று போடுங்கள். கள் என்ற வேருக்குக் கருமைப் பொருள் உண்டு. களா, காளம், களங்கம் எல்லாம் அந்த வழி வந்தவை. களர்நிலத்தையும் அதில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். களரில் உப்புப் பூக்கிறது, செம்பில் களிம்பு பூக்கிறது. இதைத் தனியாக எழுதுகிறேன்.

மார்த்தாண்டம், டிவி, பிளேயர் பழுது பார்ப்பவர்:

ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்கு வரும் ஆட்களை நான் பார்க்கிறேன். கீறல் போகும் என்று சி.டி.யில் பற்பசை தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். களிம்பு என்றால் அவர்களுக்கு மருந்துக்கடையில் டியூபில் கிடைப்பதுதான். 'வட்டுக்களிம்பு' என்று அச்சடித்தால், சி.டி.யில் தடவ ஒரு மருந்து வந்திருக்கிறது என்று தேடிப் போவார்கள்.

டீச்சர், சொல் எதுவானாலும் எந்த இடம் கெடுகிறது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். சி.டி.யின் குறுக்களவு 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். அந்தக் கனம் கிட்டத்தட்ட முழுவதும் பாலிகார்பனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் பதிவுக்குழிகள், அவற்றின் மேல் அலுமினியப் படலம், அதற்கு மேல் மெல்லிய அரக்குப்பூச்சு, அதற்கும் மேல் பெயரும் படமும். லேசர் கீழிருந்து பிளாஸ்டிக்கைக் கடந்துபோய் அலுமினியத்தில் பட்டுத் திரும்புகிறது. ஆக, பளபளக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் காவல் இருக்கிறது. பெயர் இருக்கும் பக்கத்தில் அந்தப் பூச்சு மட்டும்தான். நம் ஆட்கள் செய்வது தலைகீழ். பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி மணமக்கள் பெயர் எழுதுகிறார்கள். ஒட்டிய சீட்டைப் பிய்க்கிறார்கள், சீட்டோடு படலமும் பிய்ந்து வருகிறது. பூச்சில் ஓட்டை விழுந்தால் காற்றும் ஈரமும் அலுமினியத்துக்குப் போய்விடும். அலுமினியம் ஆக்சைடானால் ஒளி அந்த இடத்தில் திரும்பி வராது. பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரியும்.

டிவிடி வேறு. 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தட்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், படலம் நடுவில் இருக்கும். வளைத்து எடுத்தால் ஒட்டு விடும். பெட்டியின் நடுக்குமிழை அழுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

குளச்சல், கல்லூரி வேதியியல் ஆசிரியர்:

உலோகம் அரிபட்டுக் கெடுவதற்குப் பாடநூலில் 'அரிமானம்' இருக்கும்போது எதற்கு இவ்வளவு தேடல்? பள்ளிப் பிள்ளைகள் உலோக அரிமானம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 'படல அரிமானம்' என்றால் இடமும் தெரியும், நிகழ்வும் தெரியும். அரிபடுவது அலுமினியம் மட்டும் இல்லை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தில் ஓர் ஆலையில் செய்த சி.டி.கள் பல விளிம்பிலிருந்து பழுப்பேறிக் கெட்டன. அவற்றில் வெள்ளிப் படலம் இருந்தது, அரக்குப்பூச்சு போதவில்லை, காகித உறையிலிருந்த கந்தகம் வெள்ளியைப் பிடித்தது. கருத்துப்போன வெள்ளிக் கொலுசு எல்லா வீட்டிலும் இருக்கும், இதுவும் அதே வினைதான்.

இங்கே கடற்கரையில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தால், உப்புக்காற்றைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி வேண்டும் என்று தோன்றுகிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஈரம் வற்றும் மாதங்கள் குறைவு. மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அதன் நீலமோ ஆரஞ்சோ வேறு நிறமாக மாறினால் பொட்டலத்தை மாற்றச் சொல்லுங்கள்.

குழித்துறையிலிருந்து:

அரிமானம் என்று சொன்னால் வகுப்பறைக்கு வெளியே யாருக்கும் புரியாது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது: கேடு. பல்லு கேடு, தேங்காய் கேடு, மிக்ஸி கேடாயிட்டு. 'வட்டுக்கேடு' என்று போடுங்கள். மலையாள வாடை என்று நாகர்கோவிலில் இருந்து யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கெடு என்பது கேடு என்று நீள்வது முதனிலை திரிந்த தொழிற்பெயர், சுடு சூடு ஆவதைப் போல. இலக்கண நூல்களில் எடுத்துக்காட்டே இதுதான். இதைவிடத் தமிழ் வேண்டுமா? குறளிலும் பாருங்கள். 400-ஆம் குறள் 'கேடில் விழுச்செல்வம் கல்வி'. அடுத்த குறளிலேயே 'அரங்கின்றி வட்டாடி யற்றே'. கேடும் வட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. தொல்காப்பியத்தைக் கேட்டு ஒப்புக்கொண்ட ஆசானின் அதங்கோடு எங்கள் ஊருக்குப் பக்கம்தான் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

நாகர்கோவில், பேராசிரியர்:

குறளை நன்றாக எடுத்தீர்கள். ஆனால் அங்கே வட்டாடுதலுக்குப் பரிமேலழகர் உண்டை உருட்டல் என்றே உரை சொல்கிறார். உண்டை என்றால் திரண்டது, தட்டையானது இல்லை. அப்படியானால் சி.டி.யை வட்டு என்பதே பொருந்துமா என்ற கேள்வியையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். குறுந்தகடு என்று அரசு அறிவிப்புகளில் எழுதுகிறார்களே, அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

தக்கலை, ஆசிரியை:

ஐயா, வட்டை மட்டும் தொடாதீர்கள். கையேடு முழுக்க வட்டு என்றே இருக்கிறது. தகடு என்று எழுதினால் இந்த ஊரில் செம்பில் எழுதி வாசலில் புதைக்கும் மந்திரத் தகடுதான் முதலில் நினைவுக்கு வரும்.

நாகர்கோவில், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்:

வணக்கம். எங்கட பக்கம் சி.டி.யை இறுவட்டு என்றுதான் பல காலமாக எழுதுகிறோம், ஆகவே வட்டுக்கு என் வாக்கு உண்டு. டீச்சர் கேட்ட சொல்லுக்கு 'சூத்தை' சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பல்லில் வருவது சூத்தை, நீங்கள் சொத்தை என்பீர்கள். சொத்தைக் கத்தரிக்காய் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். இதிலும் வெளியே கீறல் இல்லை, உள்ளே போய்விட்டது. கெடுதி எங்கே இருக்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மார்த்தாண்டம்:

அக்கா சொன்ன சொத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. சி.டி.யில் பிழைதிருத்தும் கணக்கு ஒன்று சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. ரீடு, சாலமன் என்ற இருவர் 1960-இல் வகுத்த முறை. தடத்தில் தொடர்ந்து சுமார் 2.5 மில்லிமீட்டர் போனாலும் பிளேயர் அதைக் கணக்குப்போட்டு நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. அதனால்தான் 'பாடுதே, பிறகென்ன' என்று விட்டுவிடுகிறார்கள். பல் வலிக்கும்போது சொத்தை ஆழமாகிவிட்டிருக்கும். இங்கேயும் குடம் அடிக்கிற சத்தம் விக்கத் தொடங்கும்போது நேரம் போய்விட்டது. போன படலம் திரும்ப வராது. பாடும்போதே நகல் எடுத்துவிட வேண்டும்.

ஆனால் டீச்சரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பீரோவில் இருப்பது கடையில் வாங்கியதா, வீடியோக்காரர்கள் எரித்துக் கொடுத்ததா? எரித்தது என்றால் அதில் குழி கிடையாது. சாயப் படலம் ஒன்று இருக்கும், லேசர் சூட்டில் அதில் அடையாளம் விழும். வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். உலோகம் நன்றாக இருக்கும், பதிவு இருக்காது. அதையும் சொத்தை என்று சொன்னால் தப்பு. இரண்டு நோய்க்கு ஒரே பெயர் வைத்தால் மருந்தும் மாறிப்போகும்.

தக்கலை, ஆசிரியை:

பெரும்பாலும் எரித்தவைதான் தம்பி. அப்படியானால் எனக்கு இரண்டு சொல் வேண்டும். சாயம் வெளுத்தலுக்குச் 'சாய வெளுப்பு' என்றே வைத்துக்கொள்கிறேன், அதற்கு யாரும் சண்டை போடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்னொன்று, பிளேயருக்கு 'இயக்கி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

ஆரல்வாய்மொழியிலிருந்து:

டீச்சர், முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எப்படி ஒத்துக்கொள்வேன்? இயக்கிதான் இசக்கி. 'இயக்கியைத் திறந்து வில்லையைத் துடைக்கவும்' என்று படித்தால் எங்கள் பாட்டி கையேட்டைக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுவார். அதோடு கணினியில் டிரைவருக்கு இயக்கி என்று ஏற்கெனவே புழங்குகிறது.

நாகர்கோவில், பேராசிரியர்:

யட்சி இயக்கியாகி, இயக்கி இசக்கியானாள். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மாதரி பால்மடை கொடுத்து வணங்குவது 'பூங்கண் இயக்கி'யைத்தான். சிதறால் மலையில் சமணர் வழிபட்ட உருவங்களைப் பார்த்துவிட்டு முப்பந்தலுக்குப் போனால் அந்த வழி முழுதும் விளங்கும். ஆனால் இயக்குதல் என்ற வினையிலிருந்து வரும் இயக்கி வேறு சொல். வடிவம் ஒன்றானதாலேயே விலக்க வேண்டுமா? சுழலி என்று ஒன்று தோன்றுகிறது. லேசரையும் இலேசர் என்று எழுதுங்கள், லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது.

மார்த்தாண்டம்:

பிளேயர் என்றே போடுங்கள் டீச்சர். கடையில் வந்து சுழலி கெட்டுவிட்டது என்றால் மின்விசிறியை எடுத்து வைப்பேன். அந்தப் பக்கத்தில் வேண்டியது இதுதான்: லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் மிதக்கிறது, கம்பிச்சுருள்கள் அதை அசைக்கின்றன, அழுத்தினால் முடிந்தது. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சமாகத் தொட்டு, தொட்டும் தொடாமல் துடைக்க வேண்டும். ஓடும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது. சி.டி. லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரிவது அரிது. தெரியவில்லை என்பதற்காகக் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். ஏசி அறையிலிருந்து கொண்டுவந்த பிளேயரை உடனே ஓட்டவும் வேண்டாம், லென்ஸில் ஈரம் கட்டியிருக்கும்.

குழித்துறை:

சொத்தைக்கு எல்லாரும் சாய்வது தெரிகிறது. ஆனால் சொத்தை என்றால் எங்கள் பக்கம் பூச்சி அரித்தது. படிப்பவர்கள் சி.டி.யில் பூச்சி தேடுவார்கள். கேடு என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

குளச்சல்:

பூச்சி இல்லாவிட்டாலும் பூஞ்சை உண்டு. 2001-இல் பெலீசிலிருந்து வந்த ஒரு சி.டி.யில் பூஞ்சை படலத்தைத் தின்றிருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். பெலீஸ் ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாடு. ஆனால் வட்டுக்கேடு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கீறினாலும் கேடு, வெளுத்தாலும் கேடு, வளைந்தாலும் கேடு. கலைச்சொல் என்றால் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். நான் அரிமானத்தை விடவில்லை, ஆனால் டீச்சரின் வெள்ளிக்கிழமைக்காகச் சொத்தைக்குக் குறுக்கே நிற்கவில்லை.

தக்கலை, ஆசிரியை:

நாளைக்கு அச்சகம். தலைப்பில் 'வட்டுச்சொத்தை' என்று போட்டுவிட்டேன். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் ஒற்று மிகும் என்பதால் நடுவில் ச் போட்டிருக்கிறேன், பேராசிரியர் ஐயா பார்த்துக்கொள்ளட்டும். அதன் கீழேயே 'பெயர் எழுதிய பக்கம் வழியாக ஈரமும் காற்றும் புகுந்து உள்ளே உலோகப் படலம் கெடுவது, பூச்சியால் வருவதில்லை' என்று ஒரு வரி. சாய வெளுப்பு தனிப் பத்தி. அரிமானம் என்ற சொல்லை விளக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். பிளேயர் பிளேயராகவே இருக்கிறது, லேசரும் லேசராகவே. மேல்பக்கத்தில் எழுதுவதற்கு ஆல்கஹால் இல்லாத மெத்தென்ற முனைப் பேனா என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டுவிட்டேன்.

குழித்துறை:

போடுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கையேட்டைக் கொடுக்கும்போது நான் கேடு என்றுதான் சொல்லிக் கொடுப்பேன்.

நாகர்கோவில், பேராசிரியர்:

ஒற்று சரி. ஆனால் சொத்தை என்பது உண்ணும் பொருளோடும் பல்லோடும் நிற்கும் சொல், உலோகத்துக்கு வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. மருந்துக்கடைக் களிம்பு பின்னால் வந்த பொருள், அதற்குப் பயந்து முன்னால் வந்த பொருளை விட வேண்டுமா? சொற்பட்டியலில் வட்டுச்சொத்தைக்கு நேரே 'களிம்பு எனலும் ஆம்' என்று சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள் டீச்சர். களர், களிம்பு பற்றிய கட்டுரை பாதி முடிந்திருக்கிறது, திங்கள்கிழமை இங்கே போடுகிறேன்.